குடம் எத்தனை, தண்ணீர் எத்தனை?

போன வாரம் பரணை ஒழித்தபோது என் மாமியாருடைய பித்தளைக் குடம் அகப்பட்டது. பத்து வருஷமாகக் கவிழ்ந்தே கிடந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்ததும் பழைய பொலிவு வந்து விட்டது. பழைய பாத்திரக்காரருக்குப் போடுவதா, வைத்துக் கொள்வதா என்று தீர்மானிக்குமுன் எடை தெரிய வேண்டுமல்லவா? தெரு முனை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 4 கிலோவுக்கு 50 கிராம் குறைச்சல். அதில் தண்ணீர் 12 லிட்டர் பிடிக்கிறது.

சும்மா இருக்கப்படாதோ? தினமும் புழங்குகிற பிளாஸ்டிக் குடத்தையும் கொண்டு போய் வைத்தேன். அரைக் கிலோ. தண்ணீரோ 15 லிட்டர்.

கணக்கு மிகச் சுலபம். பித்தளைக் குடம் தன்னைப் போல் 3 பங்கு சுமக்கிறது; பிளாஸ்டிக் குடம் 30 பங்கு. திண்டுக்கல்லில் தண்ணீரின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆத்தூர்க் காமராஜர் அணையில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக் கொண்டே கோடையைக் கழித்த ஊர் இது. அந்த நாளில் என் மாமியார் தெருக் குழாய்க்குப் பத்து நடை நடந்தால், தண்ணீரோடு 40 கிலோ பித்தளையையும் வீட்டுக்குச் சுமந்திருக்கிறார். வெறுங் குடமாகத் திரும்பிப் போகிறபோது இன்னொரு 40 கிலோ. அந்தப் பித்தளையை யாரும் குடிக்கவில்லை.

நான் தராசும் குடமுமாக நின்று கொண்டிருந்ததை எதிர் வீட்டு மருமகள் பார்த்து விட்டாள். வலது கையில் மாவுக் கட்டு. கழுத்திலிருந்து துணி கட்டித் தொங்க விட்டிருக்கிறாள். அந்தக் கட்டின் சமாசாரத்தைப் பிறகு சொல்கிறேன்.

“என்னக்கா, காலங்காத்தால குடத்தை நிறுத்துக்கிட்டு இருக்கீங்க?” என்றாள்.

சொன்னேன். சிரித்தாள். இரண்டு பேருமாக எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். எங்கள் நாகல் நகரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சௌராஷ்டிர நெசவாளர்கள் பெருவாரியாகக் குடியிருக்கிற பேட்டை. முன்னைப் போல் தறிச் சத்தம் இல்லாவிட்டாலும் நூல் மூட்டையும் புடவைக் கட்டும் போவதும் வருவதும் நின்றபாடில்லை. ரயில் நிலையம் பக்கத்தில். சந்தைக்குப் போகிற வண்டிகளும் உண்டு. வண்டி பார்க்க வேண்டுமென்றால் எங்கள் திண்ணையை விட நல்ல இடம் கிடையாது.

குடத்துக்குப் போட்ட கணக்கு வண்டிக்கும் பொருந்தும். வண்டி சுமக்கும் பாரத்தை வண்டியின் வெற்று எடையால் வகுக்க வேண்டியதுதான். விடை ஒன்றுக்கு மேலே போனால் வண்டி தன்னை விட அதிகமாகச் சுமக்கிறது. ஒன்றுக்குக் கீழே வந்தால் பெட்ரோலில் பெரும் பகுதி, வண்டி தன்னைத் தானே தூக்கிக் கொண்டு போவதற்குச் செலவாகிறது என்று அர்த்தம்.

முதலில் ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவர் நூல் மூட்டையைப் பின்னால் கட்டியிருந்தார். கனத்த கம்பியும் அகலக் காரியருமாக இருக்கிற அந்தப் பழைய ரகச் சைக்கிள் 20 கிலோ சுமாருக்கு இருக்கும். ஆள் 60, மூட்டை 40 என்று வைத்துக் கொள்ளுங்கள். 20 கிலோ இரும்பு 100 கிலோவைச் சுமக்கிறது. ஐந்து பங்கு!

அடுத்தது மொபெட். ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது 1980-ல். அதன் வழி வந்த இன்றைய மொபெட்டுகள் 90 கிலோவுக்குள் அடங்கி விடுகின்றன. 130 கிலோ ஏற்றலாம் என்கிறார்கள். ஒன்றரைப் பங்கு. வாழைத் தாரானாலும் கோழிக் கூண்டானாலும் பால் கேனானாலும் ஏற்றிக் கொண்டு போகிறார்களே, நம் பக்கத்தில் ஜனங்கள் அதைக் குடும்பத்தில் ஒருவராகவே சேர்த்து விட்டார்கள்.

பிறகு வெங்காய மூட்டையோடு ‘குட்டி யானை’ வந்தது. டாடா கம்பெனி 2005-ல் கொண்டு வந்த ஏஸ் வண்டிக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. முதலில் வந்தபோது பாரம் உட்பட மொத்தம் 1,550 கிலோ. அதில் பாரம் 750. ஆக வண்டி 800. ஏறக்குறையத் தன் எடையைத்தான் சுமக்கிறது. பெரிய லாரி இதைவிடத் தேவலை. ஒன்றரைப் பங்குக்கு மேலே போகும்.

கடைசியில் ஒரு கார். உள்ளே ஒரே ஒருவர். இந்தக் காலத்துக் கார் 900 கிலோ, அந்த மனிதர் 65 கிலோ. பதினாலில் ஒரு பங்கு! கார் எங்கள் தெரு முனையில் நின்றது. இறங்கி ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கிக் கொண்டு போனார். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு, ஒரு கொத்தமல்லிக் கட்டுக்காக வந்து போயிற்று.

“ஆக, சைக்கிளுக்குத்தான் முதல் மார்க்” என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மருமகள் மடக்கினாள்.

“அதெப்படி? சைக்கிளை மிதிக்கிற ஆளை எந்தப் பக்கம் சேர்ப்பீங்க? குடத்துக்குக் கணக்குப் போட்டீங்க, குடத்தைத் தூக்குற ஆளை விட்டுட்டீங்களே!”

எனக்கு அப்படியே தூக்கி வாரிப் போட்டது. வாஸ்தவம்தானே? காரில் எஞ்சினின் எடையை வண்டியோடு சேர்த்துக் கொண்டோம். சைக்கிளுக்கு எஞ்சின் யார்? நூல் மூட்டைக்காரர்தான். அவரை வண்டியோடு சேர்த்தால் 80 கிலோ வண்டி 40 கிலோ மூட்டையைச் சுமக்கிறது. ஐந்து பங்கு அரைப் பங்காகி விட்டது! ஆனால் அதே சைக்கிளில் ஒரு பெண் பள்ளிக்கூடம் போகிறாள் என்றால், அங்கே போய்ச் சேர வேண்டிய சுமையே அவள்தான். அப்போது விடை ஒன்றுக்கு மேலேயே நிற்கும். ஆளுக்காக வண்டியா, வண்டிக்காக ஆளா என்று கேட்காமல் இந்தக் கணக்கைப் போடவே கூடாது போலிருக்கிறது. குடம் சுமந்த என் மாமியார் 45 கிலோ இருந்திருப்பார். அவரையும் குடத்தோடு சேர்த்தால்? போகட்டும், அந்தக் கணக்கை நான் போடவில்லை.

மாட்டு வண்டியில் இந்தச் சங்கதி இன்னும் நன்றாகப் புலப்படும். மரச் சக்கரமும் இரும்புப் பட்டையுமான பழைய கட்டை வண்டி 300 கிலோ அளவுக்கு வரும். ஒரு டன் பாரம் ஏற்றுவார்கள். மூன்று பங்குக்கு மேல், பிரமாதம்! ஆனால் மாடுகள் எங்கே போயின? ஜோடி மாட்டையும் வண்டியோடு சேர்த்தால் விடை ஒன்றுக்குப் பக்கத்தில் இறங்கி விடும். அதைவிட முக்கியம், பாரத்தில் ஒரு பகுதி மாட்டின் கழுத்தில் உட்கார்ந்திருப்பது. முன்பாரம், பின்பாரம் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்களே, பின்பாரம் அதிகமானால் வண்டி மாட்டைத் தூக்கும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி கழுத்தை அழுத்தும். சந்தை வண்டி மாடுகளின் கழுத்தில் காய்த்துப் போன புண்ணைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டாம்.

இதையே ஒரு பெரிய காரியமாக எடுத்துக் கொண்டவர் என். எஸ். ராமசாமி. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகம் 1973-ல் ஆரம்பித்தபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். பெரிய கம்பெனிகளுக்கு நிர்வாகிகளைத் தயார் செய்கிற இடத்தில் உட்கார்ந்து கொண்டு அவர் மாட்டு வண்டியைப் பற்றிப் பேசினார். நாட்டில் ஒரு கோடிக்கு மேல் மாட்டு வண்டிகள் ஓடிய காலம் அது. வண்டி லேசாக இருக்க வேண்டும், அச்சுக்குப் பேரிங் வேண்டும், சக்கரத்துக்குக் காற்று டயர் வேண்டும், நுகத்தடி கழுத்தை அறுக்காமல் பாரத்தைப் பரப்பித் தாங்க வேண்டும். அப்படிச் செய்தால் அதே மாடு கஷ்டப்படாமல் கூடுதல் பாரம் இழுக்கும் என்று எடுத்துச் சொன்னார். அவர் கண்ணுக்கு மாடு கணக்குக்குள்ளேயே இருந்தது.

காற்று டயர் என்றதும் ஞாபகம் வருகிறது. நாம் ‘டயர் வண்டி’ என்று சொல்வதை ‘டன்லப் வண்டி’ என்றும் சொல்வார்களல்லவா? அந்த டன்லப் யார் தெரியுமா? அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்தில் மாட்டு வைத்தியம், குதிரை வைத்தியம் பார்த்துக் கொண்டிருந்தவர். 1888-ல், மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிள் கல் ரோட்டில் தடதடவென்று குலுங்குகிறதே என்று காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றிக் கொடுத்தார். கால்நடை வைத்தியர் குழந்தைக்காகச் செய்தது கடைசியில் நம் ஊர்க் காளைகளுக்கே உபகாரமாக வந்து சேர்ந்தது!

நாங்கள் பேசிக் கொண்டிருக்கையில் ரயில் கூவிற்று. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். “ரயிலுக்கு எத்தனை மார்க்?” என்றாள் மருமகள். இங்கேதான் என் கணக்கு மறுபடி தடுக்கி விழுந்தது. பெரம்பூர்த் தொழிற்சாலையில் 1955-லிருந்து செய்து வந்த பழைய ரகத் தூங்கும் பெட்டியில் 72 படுக்கை. பெட்டி காலியாகவே 37, 38 டன். ஒரு படுக்கைக்கு 500 கிலோவுக்கு மேல் இரும்பு! ஆளும் பெட்டி படுக்கையுமாக 75 கிலோ என்று வைத்தாலும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். சுமை நிறைந்த காரை விடவும் மோசம்.

அப்படியானால் ரயில் வீணா? இல்லை. எடை இருக்கிறது என்பது ஒன்று. அந்த எடையை நகர்த்த எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது வேறொன்று. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் அமுங்காமல் உருள்கிறது. சமதளத்தில் ஒரு டன்னை உருட்டிக் கொண்டே போக ஒன்றிரண்டு கிலோ இழுப்புப் போதும். கார் டயர் அமுங்கி அமுங்கி உருள்வதால் தார் ரோட்டில் அதே ஒரு டன்னுக்கு 10, 15 கிலோ இழுப்பு வேண்டியிருக்கிறது. மேலும் ரயில் ஊருக்கு ஊர் நின்று நின்று புறப்படாமல் நெடுந்தூரம் ஒரே சீராக ஓடுகிறது. சரக்கு ரயிலிலோ முதல் கணக்கிலேயே ஜெயம்தான். நிலக்கரி ஏற்றுகிற ‘பாக்ஸ்-என்’ வாகன் காலியாக இருபத்திரண்டரை டன். ஏற்றுவது ஏறக்குறைய 59 டன். பிறகு வந்த லேசான எஃகு வாகன்கள் இருபதரை டன் சொச்சத்தில் 70 டன்னுக்கு மேல் சுமக்கின்றன. ஒரே குறை, நிலக்கரியை இறக்கி விட்டுக் காலியாகத் திரும்ப வேண்டும். குழாயடிக்கு வெறுங் குடம் போகிற மாதிரி!

இனி இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது, எட்டிப் பாருங்கள். காஸ் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் அதன் வெற்று எடை பொறித்திருக்கும். 15, 16 கிலோ வாக்கில் இருக்கும். உள்ளே இருக்கிற காஸ் 14.2 கிலோ. (சிலிண்டர் வந்தவுடன் இரண்டையும் கூட்டி, நிறுத்துப் பார்த்து வாங்குகிறீர்களா? கொண்டு வருபவரிடம் தராசு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.) என் கணக்குப்படி சிலிண்டருக்குச் சுழி. தன்னை விடக் குறைவாகச் சுமக்கிற பாத்திரம்! அதற்காகப் பிளாஸ்டிக் குடத்தில் காஸை அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்குவீர்களா? அந்த இரும்பு சுமப்பதற்காக மட்டும் இல்லை. உள்ளே இருப்பதை உள்ளேயே வைத்திருப்பதற்காக இருக்கிறது.

காரும் அப்படித்தான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 சுமார் 650 கிலோ. இன்றைக்கு அதே அளவு ஆட்கள் ஏறுகிற கார் 200, 250 கிலோ கூடுதலாக இருக்கிறதென்றால், எல்லாம் பகட்டு இல்லை. 2017 அக்டோபரிலிருந்து புதிய மாடல் கார்களைச் சுவரில் மோதிப் பார்த்துத்தான் அனுமதிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கதவுக்குள் குறுக்குக் கம்பி, காற்றுப் பை, நசுங்கி அடியை வாங்கிக் கொள்கிற முன்பக்கம், எல்லாம் எடைதான். ரயிலிலும் பெரம்பூரில் 2018-ல் பழைய ரகப் பெட்டியை நிறுத்தி விட்டு, ஜெர்மன் முறைப் பெட்டிக்கு முழுக்க மாறினார்கள். அதில் 80 படுக்கை. எடை அவ்வளவாகக் கூடவில்லை. மோதினால் ஒரு பெட்டி மேல் இன்னொன்று ஏறாதபடி இணைப்பு. இதுவல்லவோ கெட்டிக்காரத்தனம்!

இப்போது மாவுக் கட்டுக்கு வருகிறேன். நாலு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னாளப்பட்டியில் அவள் பிறந்த வீட்டில் காதுகுத்து. மொபெட்டில் கிளம்பினார்கள். அவள் கணவர் 70 கிலோ, அவள் 55, ஒன்பது வயதுப் பையன் 25, முன்னால் நிற்கிற நாலு வயதுப் பெண் 15, சீர்ப் பை 10. கூட்டினால் 175. வண்டிக்குச் சொன்ன பாரம் 130. சட்டமும் ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவர்தான் என்கிறது. ஆனால் யார் கூட்டிப் பார்க்கிறார்கள்? என் கணக்குப்படி இரண்டு பங்கு; சைக்கிளுக்கு அடுத்த மார்க்!

மேம்பாலத்தின் இறக்கத்தில் முன்னால் போன பஸ் நின்றது. அவர் பிரேக்கைப் பிடித்தார். வண்டி நிற்கவில்லை, வேகம் குறைந்ததே தவிர, போய்க் கொண்டே இருந்தது. வண்டியின் மேல் குற்றமில்லை. தினமும் தனி ஆளாகப் போகிறபோது அவரும் வண்டியுமாகச் சேர்ந்து 160 கிலோ; கை அந்த எடைக்குப் பழகியிருக்கிறது. அன்றைக்கு 265. ஒன்றரை மடங்குக்கு மேல் எடை, இறக்கம் வேறு. நிற்க வேண்டிய தூரம் நீண்டு விட்டது. பஸ்ஸின் மேல் மோதாமல் ஓரமாக ஒடித்தார், சாய்ந்தது. பெண் குழந்தையை அணைத்துக் கொண்டு விழுந்ததில் இவள் மணிக்கட்டு முறிந்தது. பையனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. குழந்தைக்கு ஒன்றுமில்லை. சீர்ப் பையிலிருந்த பழமெல்லாம் ரோட்டில்.

“அந்த வண்டியில அத்தனை நாள் போனோமே அக்கா, ஒண்ணும் ஆகலையே” என்றாள் அவள், கட்டைத் தடவிக் கொண்டு. ஆகவில்லைதான். கூடுதல் 45 கிலோவையும் வண்டி முனகாமல் தூக்கிக் கொண்டு போயிற்று. எஞ்சினுக்கு அது பெரிதில்லை. நிறுத்துகிற பொறுப்பு யாருடையது என்பதுதான் சொல்லாமலே விட்டுப் போன கணக்கு. நுகத்தடியில் மாட்டுக் கழுத்து தாங்கியதை, இங்கே இவள் மணிக்கட்டு தாங்கியது.

அவள் கணவர் அன்று சாயந்திரம் என்னிடம் வந்தார். பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறதாம். “வாங்கலாமாக்கா? நீங்கதான் கணக்குப் போடுறீங்களாமே!” என்றார். நாலு பேரும் ஏறினால் அது ஐந்தில் ஒரு பங்கு. வெயிலுக்கும் மழைக்கும் நல்லது. இடித்தால் இரும்பு வாங்கிக் கொள்ளும். ஆனால் மாதத்தில் 26 நாள் அவர் தனியாகத்தான் போகப் போகிறார். புடவைக் கட்டோடு 800 கிலோ இரும்பையும் ஊர் சுற்றிக் காட்டப் பெட்ரோல் போட வேண்டும், தவணையும் கட்ட வேண்டும். “வேலைக்கு மொபெட்டே போதும். குடும்பத்தோடு போகிற நாலு நாளைக்கு பஸ் இருக்கிறதே” என்றேன். டவுன் பஸ் காலியாக 9, 10 டன் இருக்கும். 50 பேர் உட்கார்ந்தால் மூன்றில் ஒரு பங்கு, நிற்கிறவர்களையும் சேர்த்தால் அதற்கும் மேல். அது எப்படியும் ஓடத்தான் போகிறது. நாம் ஏறினால் ஏறின மட்டும் லாபம். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று ஆக்கினார்கள். அவளும் பெண்ணும் பஸ்ஸில், அவரும் பையனும் மொபெட்டில். மனிதர் யோசித்துப் பார்க்கிறேன் என்று போனார். காரை இன்னும் வாங்கவில்லை.

பித்தளைக் குடத்தைப் பழைய பாத்திரக்காரர் வந்து கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. பரணுக்கே ஏறி விட்டது.

மாவுக் கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். அது வரைக்கும் எதிர் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு வருகிற வேலை அவள் கணவருடையது. நேற்றுக் காலை மொபெட்டில் பக்கத்துக்கு ஒன்றாகவும் காலடியில் ஒன்றாகவும் மூன்று குடம் கட்டி விட்டு, நாலாவதைத் தூக்கினார். பிறகு என்ன தோன்றிற்றோ, விரல் விட்டு எண்ணினார். எழுபது, அதோடு நாலு பதினைந்தரை. எங்கள் திண்ணைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்து விட்டு, நாலாவது குடத்தைக் கீழே இறக்கி வைத்தார்.